ஈயத்தின் சாட்சியம்: கென்னடியைச் சுட்ட குண்டுகள் எத்தனை?

அமெரிக்க நாடாளுமன்றம் 1992-இல் நிறைவேற்றிய சட்டம், கென்னடி கொலை தொடர்பான எல்லா ஆவணங்களும் 2017 அக்டோபர் 26-க்குள் மக்கள் பார்வைக்கு வந்துவிட வேண்டும் என்று கெடு வைத்தது. அதிபர் நினைத்தால் தள்ளிவைக்கலாம் என்று அதே சட்டம் ஒரு கதவையும் திறந்துவைத்திருந்தது. டிரம்ப் தள்ளிவைத்தார். பைடன் தள்ளிவைத்தார். மீண்டும் பதவிக்கு வந்த டிரம்ப் 2025 ஜனவரி 23 அன்று உத்தரவு போட, மார்ச் 18 முதல் மிச்சமிருந்த பக்கங்கள் வெளிவரத் தொடங்கின. அதோடு வாசகர் கடிதங்களும் வரத் தொடங்கின.

கடிதங்கள் இரண்டு கட்சிகளாகப் பிரிந்து நிற்கின்றன. ‘குண்டுகளின் ஈயத்தை அணு உலையில் வைத்துச் சோதித்து, சுட்டது ஆஸ்வால்டு ஒருவர்தான் என்று 1978-லேயே நிரூபித்தாயிற்றே, இன்னும் என்ன சந்தேகம்?’ என்று ஒரு கட்சி கேட்கிறது. ‘அந்தச் சோதனையே செல்லாது என்று ஆகிவிட்டதால், இரண்டாவது ஆள் இருந்தது உறுதிதானே?’ என்று மறு கட்சி கேட்கிறது. இரண்டுமே தவறு. எப்படித் தவறு என்பதில்தான் இந்த வழக்கின் மிகச் சுவையான, மிகக் கவலைக்குரிய பகுதி இருக்கிறது.

டாலஸ் ஊர்வலம், ஆஸ்வால்டு சுட்டதாகச் சொல்லப்படும் புத்தகக் கிடங்கின் ஆறாவது மாடி, ஆஸ்வால்டைக் கொன்ற ஜாக் ரூபி ஆகியவை எல்லோருக்கும் தெரிந்த கதை. அதைத் தாண்டி நேராக ஈயத்துக்குப் போய்விடலாம். அதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: இத்தனை காலம் பூட்டி வைக்கப்பட்டிருந்தவை பெரும்பாலும் உளவு அமைப்புகளின் ஆட்கள், ஒட்டுக்கேட்பு, செயல்முறைகள் பற்றிய தாள்கள். குண்டுத் துண்டுகளின் ஆய்வக எண்கள் 1970-களிலேயே வெளியாகிவிட்டன. ஆகவே எத்தனை குண்டு என்ற கேள்விக்கு 2025-இன் பக்கங்களில் விடை தேடுவது வீண்.

குண்டுகளின் எண்ணிக்கைக்கு ஏன் இத்தனை மதிப்பு?

அந்த எண்ணிக்கையைப் பொறுத்தே ஆட்களின் எண்ணிக்கை அமையும். கிடங்கில் கிடந்தது இத்தாலியில் செய்த 6.5 மில்லிமீட்டர் மான்லிக்கர்-கார்க்கானோ துப்பாக்கி. ஒருமுறை சுட்டுவிட்டு, பூட்டை இழுத்துத் தள்ளி மறுமுறை சுட, குறைந்தது 2.3 விநாடி ஆகும் என்று எஃப்.பி.ஐ. அளந்தது. ஆபிரகாம் ஸப்ரூடர் என்ற வணிகர் எடுத்த படமோ விநாடிக்கு 18.3 சட்டகம் என்ற வேகத்தில் ஓடியது. அதிபர் அடிபடுவதற்கும், அவருக்கு முன்னால் உட்கார்ந்திருந்த டெக்சஸ் ஆளுநர் கொனலி அடிபடுவதற்கும் நடுவே 2.3 விநாடி இருந்ததாகப் படத்தில் தெரியவில்லை. இருவரையும் தாக்கியவை இரு வேறு குண்டுகள் என்றால், சுட்டவர்களும் இருவர்.

இந்த இடத்தில்தான் ‘ஒற்றைக் குண்டு’ வருகிறது. கென்னடியின் முதுகில் நுழைந்து தொண்டை வழியே வெளியேறிய அதே குண்டு, கொனலியின் முதுகு, மார்பு, மணிக்கட்டு, தொடை என்று சென்று, மொத்தம் ஏழு காயங்களை உண்டாக்கியது என்பது கொலையை விசாரித்த வாரன் ஆணையத்தின் கூற்று. இதை ஆணையம் கண்டுபிடித்த உண்மை என்று சொல்வதைவிட, இது இல்லாமல் ஆணையத்தின் கணக்கு நிற்காது என்று சொல்வதே சரி. கொனலியே இதை ஏற்கவில்லை. முதல் வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பிய பிறகுதான் தன்மேல் குண்டு பாய்ந்தது என்று சாட்சியம் சொன்னார். ஆணைய உறுப்பினரான செனட்டர் ரிச்சர்ட் ரஸ்ஸலும் ஏற்கவில்லை. ஆனால் கொனலியைத் தாக்கியது எந்தக் குண்டு என்று முடிவுசெய்வது தன் முக்கிய முடிவுகளுக்கு அவசியமில்லை என்று ஆணைய அறிக்கை எழுதியது. மேலே சொன்ன நேரக் கணக்கை ஒருமுறை பார்த்தவர்கள் யாரும் அப்படி எழுத முடியாது.

அந்தக் குண்டு பார்க்லண்ட் மருத்துவமனையில் ஒரு ஸ்ட்ரெச்சரில் கிடந்தது. ஆணையத்தின் சான்றுப்பொருள் எண் 399. எடை 158.6 கிரெய்ன், அதாவது சுமார் 10.3 கிராம். சுடாத புதுக் குண்டின் எடை 160 முதல் 161 கிரெய்ன். இரண்டு பேரின் உடலைத் துளைத்து, விலா எலும்பையும் மணிக்கட்டு எலும்பையும் உடைத்த குண்டு இழந்த எடை ஒன்றரை முதல் இரண்டரை கிரெய்ன் மட்டும். இது முடியவே முடியாது என்றும், முடியும் என்றும் வல்லுநர்கள் 60 ஆண்டுகளாகச் சண்டையிடுகிறார்கள். கொனலியின் மணிக்கட்டிலிருந்து எடுத்த ஈயத் துணுக்குகள் இந்தக் குண்டிலிருந்து சிதறியவைதான் என்று காட்ட முடிந்தால், சண்டை அங்கேயே முடிந்துவிடும்.

ஈயம் எப்படிச் சாட்சி சொன்னது?

இந்த உத்தி உண்மையிலேயே அழகானது. குண்டுக்குள் இருக்கும் ஈயம் சுத்த ஈயம் அல்ல. அதில் மிகச் சிறு அளவில் ஆன்டிமனி, வெள்ளி, செம்பு போன்றவை கலந்திருக்கும். ஒரு துணுக்கை அணு உலைக்குள் வைத்து நியூட்ரான்களால் தாக்கினால், அதில் உள்ள ஆன்டிமனி அணுக்களில் சில கதிரியக்கம் பெறும். பிறகு அவை தமக்கே உரிய ஆற்றலில் காமா கதிர்களை வெளிவிடும். அந்தக் கதிர்களை எண்ணினால், துணுக்கில் எவ்வளவு ஆன்டிமனி இருந்தது என்று தெரிந்துவிடும். சில மில்லிகிராம் ஈயமே போதும். துணுக்கைக் கரைக்கவோ உருக்கவோ வேண்டாம்.

எஃப்.பி.ஐ. இதை 1964-லேயே செய்து பார்த்தது. துண்டுகளுக்கு இடையே சிறு வேறுபாடுகள் தெரிந்தாலும், பெரிய துண்டுகளை உறுதியாகப் பிரித்துச் சொல்ல அவை போதாது என்று அதன் இயக்குநர் எட்கர் ஹூவர் அந்த ஆண்டு ஜூலை 8 அன்று ஆணையத்துக்குக் கடிதம் எழுதினார். செப்டம்பரில் வெளிவந்த 888 பக்க அறிக்கையில் இந்த ஈயச் சோதனை பற்றிப் பேச்சே இல்லை.

பிறகு வந்தவர் வின்சென்ட் கின், கலிஃபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாக வேதியியலாளர், இத்துறையின் முன்னோடிகளில் ஒருவர். கொலையை மறுவிசாரணை செய்த பிரதிநிதிகள் சபைக் குழுவுக்காக 1977-இல் துண்டுகளை மறுபடியும் சோதித்தார். அவருக்குக் கிடைத்த எண்களைப் பார்ப்போம். எல்லாமே பத்து லட்சம் பங்குக்கு எத்தனை பங்கு ஆன்டிமனி என்ற கணக்கு. ஸ்ட்ரெச்சர் குண்டில் 833. கொனலியின் மணிக்கட்டுத் துணுக்குகளில் 797. கென்னடியின் தலையிலிருந்து எடுத்ததில் 621. காரின் முன் இருக்கையில் கிடந்த பெரிய துண்டில் 602. காரின் தரைவிரிப்பில் கிடந்த துணுக்குகளில் 640-ஐ ஒட்டிய எண்கள்.

800-ஐச் சுற்றி ஒரு கூட்டம், 600-ஐச் சுற்றி இன்னொரு கூட்டம். ஆகவே குண்டுகள் இரண்டு, இரண்டே இரண்டு என்று 1978 செப்டம்பர் 8 அன்று கின் குழுமுன் சாட்சியம் சொன்னார். மணிக்கட்டில் இருந்தது ஸ்ட்ரெச்சர் குண்டின் துணுக்கு. தலையைச் சிதறடித்தது மற்றொன்று. ஒற்றைக் குண்டுக் கோட்பாட்டுக்கு அணு அறிவியல் முத்திரை குத்தியாயிற்று. அடுத்த கால் நூற்றாண்டுக்கு, ஆஸ்வால்டு ஒருவரே சுட்டார் என்று எழுதியவர்கள் அனைவரும் இந்த முத்திரையைத்தான் காட்டினார்கள்.

கின்னின் அளவீட்டில் பிழையில்லை. அளவீட்டிலிருந்து முடிவுக்குத் தாண்டிய இடத்தில்தான் பிழை.

அவருடைய முடிவு நிற்க இரண்டு செய்திகள் மெய்யாக இருக்க வேண்டும். ஒன்று, ஒரே பெட்டியில் இருக்கும் குண்டுகள்கூட ஆன்டிமனி அளவில் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறுபட வேண்டும். இல்லாவிட்டால் 800-ஐ ஒட்டிய எண்கள் இரண்டு, மூன்று குண்டுகளிலிருந்தும் வந்திருக்கலாம். இரண்டு, ஒரு குண்டுக்குள் எந்த இடத்தில் சுரண்டி எடுத்தாலும் அளவு ஏறத்தாழ ஒன்றாகவே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் 833-ம் 602-ம் ஒரே குண்டின் இரு முனைகளாகக்கூட இருக்கலாம். வெஸ்டர்ன் கார்ட்ரிட்ஜ் நிறுவனம் செய்த இந்தக் கார்க்கானோ குண்டுகளுக்கு இரண்டு குணங்களும் உண்டு, இது அவற்றின் தனிச்சிறப்பு என்றார் கின்.

2006-இல் எரிக் ராண்டிச் என்ற உலோகவியலாளரும் பேட்ரிக் கிராண்ட் என்ற வேதியியலாளரும், இருவருமே லாரன்ஸ் லிவர்மோர் தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்தவர்கள், இதை உலோகத்தின் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். உருகிய ஈயம் உறையும்போது படிகப் பரல்களாக உறைகிறது. ஆன்டிமனி அந்தப் பரல்களுக்குள் சீராக அடங்குவதில்லை. பரல்களின் எல்லைகளுக்குத் தள்ளப்பட்டு அங்கே சேர்கிறது. ஓர் அண்டா சர்க்கரைப் பொங்கலில் கரண்டிக்குக் கரண்டி முந்திரி ஒரே கணக்கில் விழாது. எடுக்கும் கரண்டி சிறிதாகச் சிறிதாக வித்தியாசம் கூடும். மணிக்கட்டில் கிடைத்ததோ மில்லிகிராம் கணக்கிலான துணுக்குகள். இந்தக் குண்டுகள் முழுக்கச் செம்புக் கலவை உறை போர்த்தியவை. உள்ளிருக்கும் ஈயத்தைக் கடினமாக்கத் தேவையில்லை என்பதால் ஆன்டிமனி அளவை யாரும் கட்டுப்படுத்தவில்லை. உறை போர்த்திய வேறு பல குண்டுகளும் இப்படித்தான். கார்க்கானோவுக்கென்று தனிச்சிறப்பு ஒன்றும் இல்லை.

கின்னின் சொந்தச் சோதனைகளிலேயே இது தெரிந்திருந்தது என்பதுதான் மனதை உறுத்துகிறது. அதே நிறுவனத்தின் ஒரு குண்டை எடுத்து நான்கு இடங்களில் அளந்தபோது ஓரிடத்தில் 358, இன்னோரிடத்தில் 983. ஒரே குண்டுக்குள் 600-க்கு மேல் வித்தியாசம் வரும்போது, 833-க்கும் 602-க்கும் உள்ள 231 வித்தியாசத்தை வைத்து ‘இவை வேறு வேறு குண்டுகள்’ என்று எப்படிச் சொல்ல முடியும்? துண்டுகள் இரண்டு குண்டுகளிலிருந்து வந்திருக்கலாம், ஐந்து வரையும் இருக்கலாம் என்பதற்கு மேல் இந்த எண்கள் எதையும் சொல்லவில்லை என்று ராண்டிச்சும் கிராண்டும் முடித்தார்கள்.

மறு ஆண்டே டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகப் புள்ளியியலாளர் கிளிஃபர்ட் ஸ்பீகல்மன், எஃப்.பி.ஐ.யின் முன்னாள் உலோகவியலாளர் வில்லியம் டோபின் முதலியோர் முதல் நிபந்தனையைச் சோதித்தார்கள். அதே வகைக் குண்டுப் பெட்டிகள் மூன்றை வாங்கி, பெட்டிக்குப் பத்தாக 30 குண்டுகளை அளந்தார்கள். அவற்றில் ஒன்று, கொலைத் துண்டு ஒன்றோடு பொருந்தியது. வேறு எங்கிருந்தோ வாங்கிய பெட்டியிலிருந்து எடுத்த ஒரு குண்டு கென்னடி கொலைத் துண்டோடு ‘பொருந்துகிறது’ என்றால், பொருத்தம் என்ற சொல்லுக்கு நீதிமன்றத்தில் என்ன மதிப்பு இருக்க முடியும்? அந்தக் கேள்வியை 1978-இல் கேட்டிருக்க வேண்டியவர் எதிர்த்தரப்பு வழக்கறிஞர். ஆஸ்வால்டு இரண்டே நாளில் கொல்லப்பட்டுவிட்டதால் அப்படி ஒருவர் இல்லாமலே போனார்.

கின்னுக்கு இன்றும் ஆதரவு உண்டு. கென்னத் ரான், லாரி ஸ்டர்டிவன் இருவரும் அவருடைய இரு கூட்டக் கணக்கு சரியே என்று வாதிட்டுக் கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். இரு தரப்பையும் படித்துப் பார்த்தால், 358-க்கும் 983-க்கும் நிறைவான பதில் அவர்களிடம் இல்லை என்றே தோன்றுகிறது.

இதன் பின்விளைவு கென்னடியோடு நிற்கவில்லை. இதே தர்க்கத்தை எஃப்.பி.ஐ. ஆய்வகம் சாதாரணக் கொலை வழக்குகளுக்கும் கொண்டுபோனது. பிணத்தில் கிடைத்த ஈயமும், சந்தேக நபர் வீட்டுப் பெட்டியில் கிடைத்த ஈயமும் ஒன்று என்று ஆய்வக நிபுணர்கள் ஜூரிகளிடம் சொன்னார்கள். 1980-களின் தொடக்கத்திலிருந்து சுமார் 2,500 வழக்குகளில் இந்தச் சோதனை நடந்தது. 2004-இல் அமெரிக்கத் தேசிய ஆய்வுக் குழு இதை ஆராய்ந்தது. அளக்கும் முறை நல்லதுதான், ஆனால் ஒரே கலவை கொண்ட ஈயத்திலிருந்து 12,000 முதல் 3 கோடியே 50 லட்சம் வரை சிறு குண்டுகள் செய்ய முடியும் என்று கணக்குக் காட்டியது. அந்தப் பெட்டியிலிருந்துதான் இந்தக் குண்டு வந்தது என்று சொல்ல அறிவியல் அடிப்படை இல்லை. 2005 செப்டம்பர் 1 அன்று இந்தச் சோதனையைக் கைவிடுவதாக எஃப்.பி.ஐ. அறிவித்தது. அதற்குள் அதை நம்பித் தண்டிக்கப்பட்டவர்கள் சிறையில் இருந்தார்கள். சிலருடைய தீர்ப்புகள் பின்னர் ரத்தாயின.

அப்படியானால் இரண்டாவது ஆள் உண்டா?

ஈயச் சோதனை விழுந்ததால் நாம் இழந்தது ‘இரண்டே குண்டு’ என்ற நிரூபணத்தை மட்டும். ‘இரண்டுக்கு மேல்’ என்பதற்கு நிரூபணம் கிடைத்துவிடவில்லை. ஸ்பீகல்மன் குழுவும் இதைத் தெளிவாகவே எழுதியது. ஸ்ட்ரெச்சர் குண்டும், காரில் கிடந்த இரண்டு பெரிய துண்டுகளும் அந்தக் கார்க்கானோவிலிருந்தே சுடப்பட்டவை என்பதற்கு, துப்பாக்கிக் குழலின் உட்புற வரிகள் குண்டின்மேல் பதிந்த தடங்கள் சான்று. அந்தச் சான்றுக்கும் ஆன்டிமனிக்கும் தொடர்பில்லை.

ஆனால் ஸ்ட்ரெச்சர் குண்டு கைமாறிய கதை பலவீனமானது. அதைக் கண்டெடுத்த மருத்துவமனை ஊழியர், அடுத்து வாங்கிய அதிகாரி, பிறகு வாங்கிய ரகசியச் சேவைப் பிரிவினர் என்று முதல் நால்வரிடம் 1964-இல் அதைக் காட்டிக் கேட்டபோது, இதுதான் அது என்று ஒருவராலும் உறுதியாக அடையாளம் சொல்ல முடியவில்லை. அன்று பாதுகாப்பில் இருந்த பால் லாண்டிஸ், காரின் இருக்கைக்குப் பின்னால் கிடந்த ஒரு குண்டைத் தானே எடுத்து ஸ்ட்ரெச்சரில் வைத்ததாக 2023-இல் புத்தகம் எழுதினார். 60 ஆண்டு கழித்து வந்த நினைவை அப்படியே ஏற்க முடியாது. ஆனால் அவர் அப்படிச் சொல்ல இடம் வைத்தது, அன்று முறையாகக் குறித்து வைக்காத அதிகாரிகளின் கவனக்குறைவு.

ஆஸ்வால்டு எங்கே இருந்தார்?

சுட்டு முடிந்து ஒன்றரை நிமிடத்துக்குள், மோட்டார் சைக்கிள் காவலர் மேரியன் பேக்கர் கிடங்கின் இரண்டாவது மாடி உணவறையில் ஆஸ்வால்டைத் துப்பாக்கி முனையில் நிறுத்தினார். இங்கே வேலை செய்பவர்தான் என்று மேலாளர் சொன்னதும் விட்டுவிட்டு மேலே ஓடினார். ஆறாவது மாடி ஜன்னலிலிருந்து துப்பாக்கியை மறைத்துவிட்டு நான்கு மாடி இறங்கி அங்கே வர முடியுமா என்று ஆணையம் ஆள் வைத்து நடந்து பார்த்தது. சாதாரண நடையில் 78 விநாடி, வேக நடையில் 74. பேக்கரின் ஓட்டத்தை நடத்திப் பார்த்தபோது ஒருமுறை 90, மறுமுறை 75. ஆக, முடியும். ஆனால் ‘முடியும்’ என்பது ‘நடந்தது’ ஆகிவிடாது. வெடிச்சத்தம் அடங்கியவுடனே அதே படிக்கட்டு வழியாக நான்காவது மாடியிலிருந்து இறங்கியதாகச் சொன்ன ஒரு பெண் ஊழியர், வழியில் யாரையும் பார்க்கவில்லை என்றார். அவர் இறங்கியது சில நிமிடம் கழித்துத்தான் இருக்கும் என்று ஆணையம் முடிவு செய்துகொண்டது. அவரை அதே படிக்கட்டில் நடக்கவைத்து நேரம் பார்க்கவில்லை.

அதன் பிறகான பயணம் ஓரளவு தெளிவு. நெரிசலில் நின்றுபோன பேருந்து, 95 சென்ட் வாடகைக் கார், ஒரு மணி வாக்கில் தங்கியிருந்த அறை. அங்கிருந்து ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் 1.15 வாக்கில் காவலர் டிப்பிட் சுடப்பட்டார். உடலருகே வந்ததும் கைக்கடிகாரத்தைப் பார்த்த ஒருவர் மணி 1.10 என்று காவல் துறையில் எழுதிக் கொடுத்தார். அவரை ஆணையம் அழைக்கவே இல்லை.

பிடிபட்ட பிறகு சுமார் 12 மணி நேரம் ஆஸ்வால்டை விசாரித்தார்கள். ஒலிப்பதிவும் இல்லை, சுருக்கெழுத்தும் இல்லை.

மற்ற கேள்விகள்

காவல் துறை ஒலிப்பதிவில் நான்காவது வெடி கேட்டதாமே? 95 சதவீதம் உறுதி என்று சபைக் குழு 1979-இல் சொன்னதை, அந்தச் சத்தங்கள் கொலைக்குச் சுமார் ஒரு நிமிடம் பிந்தியவை என்று தேசிய அறிவியல் கழகம் 1982-இல் மறுத்தது.

வெடிமருந்துத் தடம் தேடும் மெழுகுச் சோதனை? ஆஸ்வால்டின் கைகளில் ரசாயனத் தடம் இருந்தது, கன்னத்தில் இல்லை. இரண்டுக்குமே சான்று மதிப்பு இல்லை.

துப்பாக்கியில் உள்ளங்கை ரேகை? டாலஸ் காவல் துறை எடுத்ததாகச் சொன்ன ரேகை எஃப்.பி.ஐ.க்குப் போய்ச் சேர்ந்தது ஒரு வாரம் கழித்து, நவம்பர் 29 அன்று.

டிப்பிட்டைச் சுட்டது அவரா? அங்கே கிடந்த நான்கு தோட்டா உறைகளும் அவருடைய கைத்துப்பாக்கியோடு பொருந்தின. குண்டுகள் பற்றி வல்லுநர்களிடையே ஒத்த கருத்து இல்லை.

மெக்சிகோ பயணம்? 1963 செப்டம்பர் இறுதியில் சோவியத், கியூபத் தூதரகங்களுக்குப் போனார், சி.ஐ.ஏ. அப்போது அங்கே ஒட்டுக்கேட்டுக்கொண்டிருந்தது.

சுட்டது ஆஸ்வால்டா? அந்தத் துப்பாக்கி அவருடையது, அதிலிருந்து குறைந்தது இரண்டு குண்டுகள் சுடப்பட்டன. வேறு யாரும் சுடவில்லை என்பதற்கு ஈயத்திடம் சான்று இல்லை.

ஆவணங்களை எங்கே படிக்கலாம்? அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில், கட்டணமின்றி. படிக்க உட்காரும் வாசகர்கள் ஹூவரின் 1964 ஜூலை 8 கடிதத்தையும், கின்னின் 1978 சாட்சியத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். ஒரே துண்டுகளைச் சோதித்து, ‘பிரித்துச் சொல்லப் போதாது’ என்று ஒருவரும் ‘இரண்டே இரண்டு’ என்று மற்றொருவரும் சொன்னார்கள். இவர்களில் அதிகம் சொல்லாதவர் சொன்னதுதான் இன்றுவரை நிற்கிறது.